காயத்துக்குப் பின்னால் இருக்கும் பாரம்



வீடுகளிலும் சபைகளிலும் பேசத் தயங்குகிற ஒரு காரியத்தை இம்மடலில் படிக்கிறோம். வாலிப வயதை எட்டும் பிள்ளைகளில் சிலர், மனவேதனை தாங்காமல் தங்கள் உடலைத் தாங்களே காயப்படுத்திக்கொள்கிறார்கள். கோடை வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டு அதை மறைக்கிறார்கள். தெரியவரும்போது அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஏச்சும் அடியும்தான்.

"வீம்பு", "நடிப்பு" என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் வாயால் சொல்ல முடியாத வேதனையைக் கொஞ்ச நேரமாவது அடக்க வேறு வழி தெரியாமல்தான் பலர் இப்படிச் செய்கிறார்கள். எல்லாரும் சாக விரும்பிச் செய்வதில்லை. ஆனாலும் இதை லேசாக எண்ணக் கூடாது. ஒருமுறை தன்னைக் காயப்படுத்திக்கொண்ட பிள்ளைக்குப் பிற்பாடு தற்கொலை ஆபத்து மற்றப் பிள்ளைகளைவிட அதிகம்.

அந்த ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஊழியர்கள் காட்டினார்கள். கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களில் 1992 முதல் 2001 வரை நேர்ந்த மரணங்களின் காரணத்தை விசாரித்து, 2004-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். 10 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களில் ஆண்டுதோறும் லட்சத்துக்கு 148 பெண்பிள்ளைகளும் 58 ஆண்பிள்ளைகளும் தற்கொலையால் மாண்டிருந்தார்கள்.

நம் சூலூர், சோமனூர் பக்கத்தில் பிள்ளைகளை அழுத்துவது என்ன? பிளஸ் டூ மதிப்பெண். "பக்கத்து வீட்டுப் பையனைப் பார்" என்ற ஓயாத ஒப்பீடு. குடித்துவிட்டு வரும் தகப்பன். ஊரைவிட்டு வந்து நூற்பாலை விடுதியில் தங்கும் பெண்ணின் தனிமை. சாதி பார்த்துத் தடுக்கப்படும் காதல். யாரிடமும் சொல்ல முடியாத பாலியல் தொல்லை. பெரும்பாலும் ஒரே காரணம் இருப்பதில்லை. பல பாரங்கள் சேர்ந்துவிடுகின்றன. சிலருக்கு மனச்சோர்வு நோயும் இருக்கும். அதற்குச் சிகிச்சை உண்டு.

"விசுவாசக் குறைவு" என்று தீர்ப்புச் சொல்லுகிறவர்கள் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை வாசிக்கவேண்டும். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, தான் சாகவேண்டும் என்று கேட்டான். தேவன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. உறங்கவிட்டார், தூதனை அனுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். அதன் பிறகே அவனிடம் கேள்வி கேட்டு, அவன் சொன்னதைக் கேட்டார். நாம் கற்கவேண்டிய ஒழுங்கு இதுவே.

நாம் செய்யக்கூடியவை:

1. பிள்ளை பேசும்போது குறுக்கிடாமல் கேளுங்கள். புத்திமதி பிறகு ஆகட்டும்.

2. "சாகவேண்டும் என்று நினைக்கிறாயா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகிவிடாது.

3. ஆபத்து தெரிந்தால் தனியே விடாதீர்கள். மாத்திரைகளையும் தோட்டத்து மருந்தையும் பூட்டி வையுங்கள்.

4. போலீசுக்குப் பயந்து மருத்துவமனைக்கு வரத் தாமதிக்காதீர்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகக் கருதி, தண்டிக்காமல் பராமரிக்க வேண்டும் என்பதே 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் பொதுவிதி.

5. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் இரவும் பகலும் இலவசமாகத் தமிழில் பேசலாம். 104 எண்ணும் உண்டு.

6. தேர்வில் தவறியவருக்கு அதே ஆண்டில் துணைத் தேர்வு உண்டு என்பதை முடிவு வருமுன்னே சொல்லிவையுங்கள்.

அன்பானவர்களே, காயத்துக்குக் கட்டுப்போடச் சில நிமிடங்கள் போதும். உட்கார்ந்து கேட்க ஒரு மணி நேரமாவது வேண்டும். பல நாள் திரும்பத் திரும்பக் கேட்கவேண்டும். அந்த நேரத்தை இப்பிள்ளைகளுக்குக் கொடுக்க உங்கள் காணிக்கைகள் உதவுகின்றன. தேர்வு முடிவுகள் வரும் நாட்களில் அவர்களுக்காக விசேஷமாக ஜெபியுங்கள். உங்கள் சபை ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கும் இம்மடலை வாசிக்கக் கொடுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனை ஊழியர்கள்