இருபது வருஷம் ஓடினாலும் குழாய் உரிமை ஆகாது

நம்பிக்கை: "பக்கத்து நிலத்துல நம்ம பைப் இருபது வருஷம் ஓடிட்டா, அது நம்ம உரிமை. யாரும் கை வைக்க முடியாது."

மலாக்காவில் ஜாசின், மெர்லிமாவ் பக்கம் பழைய வீடு வாங்கியவர்களிடம் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. குளியலறைத் தரையைக் கொத்தும்போதுதான் விஷயமே வெளியே வருகிறது. நம் மீட்டரிலிருந்து கிளம்பும் குழாய் நம் அடுப்படியோடு நிற்காமல், சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்கும் போய்க்கொண்டிருக்கும். உடனே யாராவது இந்த இருபது வருஷக் கதையை எடுத்துவிடுவார்.

உண்மை: அது தமிழ்நாட்டுக் கணக்கு. அங்கே 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், 15ஆம் பிரிவில், இடைவிடாமல் 20 ஆண்டு அனுபவித்தவருக்கு உரிமை தருகிறது. ஊரில் இருக்கும் மாமா வாட்ஸ்அப்பில் சொன்னது அவருக்குச் சரி. அதை மலாக்கா நில அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். இங்கே மலேசியாவில் 1966 முதல் நடப்பில் இருப்பது தேசிய நிலச் சட்டம். எத்தனை காலம் அனுபவித்தாலும், அனுபவித்ததால் மட்டும் இத்தகைய உரிமை வராது என்று அது வெளிப்படையாகவே சொல்கிறது. இரண்டு நிலத்துக்காரர்களும் ஒப்புக்கொண்டு, படிவம் 17ஏ நிரப்பி, நில அலுவலகத்தில் பதிய வேண்டும். வேறு குறுக்குவழி தேடாதீர்கள்.

"அப்பா காலத்துல வாயாலேயே ஒத்துக்கிட்டாங்களே?" ஒத்துக்கொண்டிருப்பார்கள். அது தயவு. நாளைக்கு அந்த வீடு கைமாறினால், அந்த வாய்ப்பேச்சு புதியவரையும் கட்டிப்போடும் என்று நம்பி உட்கார்ந்திருந்தால் பிறகு வக்கீலுக்குத்தான் அழ வேண்டும்.

நம்மிடையே இந்தச் சிக்கல் அதிகம் இருப்பதற்குக் காரணம் உண்டு. தோட்டத்து லயன் வீடுகள் பலவற்றில் வரிசைக்கு ஒரு பைப்படிதான். பிறகு அவரவர் அதிலிருந்து இரும்புக் குழாயை இழுத்து வீட்டுக்குள் கொண்டுபோனார்கள். தோட்டம் ஒரே முதலாளியிடம் இருந்தவரை யாரும் கேட்கவில்லை. நிலம் துண்டானது, குழாய் துண்டாகவில்லை. டவுனில் பொதுச்சுவர் வைத்த பழைய கடைவீடுகளிலும் இதே கதைதான்.

குழாய் வேலை பார்க்கிறவன் சொல்கிறேன், சண்டைக்குப் போகும் முன் மீட்டர் மூடியைத் திறங்கள். வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் அடைத்துவிட்டு, மீட்டர் முகப்பிலுள்ள சின்னஞ்சிறு சக்கரத்தைப் பாருங்கள். அது சுற்றினால் ஒன்று கசிவு, இல்லையென்றால் வேறு யாரோ பிடிக்கிறார்கள். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, மீட்டரை அடுத்துள்ள வால்வை மூடுங்கள். அவர்கள் குழாயும் வறண்டால் சந்தேகமே வேண்டாம். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமலே ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசாத வீடுகளை எனக்குத் தெரியும்.

நம்பிக்கை: "என் நிலத்துல இருக்கு, வெட்டிடலாம்."
உண்மை: அது பொதுக் குழாயாக இருந்தால், 2006ஆம் ஆண்டின் தண்ணீர்ச் சேவைத் தொழில் சட்டப்படி குற்றம். பக்கத்து வீட்டுக் குழாயாக இருந்தால், எழுத்தில் தவணை கொடுங்கள். அவர்கள் தனி மீட்டர் வாங்கட்டும், பிறகு பிரிக்கலாம்.

நம்பிக்கை: "கசிஞ்சா ஆயர் மலாக்கா வந்து பார்த்துக்கும்."
உண்மை: மீட்டர் வரைதான் அந்தத் தண்ணீர் நிறுவனத்தின் பொறுப்பு. அதைத் தாண்டினால் குழாயும் உங்களுடையது, பில்லும் உங்களுடையது.

நம்பிக்கை: "துருத் தண்ணிய கொதிக்க வச்சா சரியாயிடும்."
உண்மை: கிருமி சாகும், துரு போகாது. குழாயை மாற்றுங்கள்.

நம்பிக்கை: "தண்ணி மெதுவா வந்தா மெயின் பைப்புல பம்பு போடலாம்."
உண்மை: கூடவே கூடாது. பம்பு உறிஞ்சும்போது, ஓட்டை மூட்டுகள் வழியாகக் கால்வாய் அழுக்கும் உள்ளே வரும். தொட்டியில் பிடித்து, அங்கிருந்து ஏற்றுங்கள்.

நான் எங்கே போனாலும் சொல்லும் ஒன்றை இங்கேயும் சொல்லிவிடுகிறேன்: வாசலுக்கு ஒரு மீட்டர். தோட்டத்தில் இன்னும் வேலையில் இருப்பவர்களுக்கு இலவசக் குழாய்த் தண்ணீர் தருவது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்புச் சட்டமே சொல்கிறது. சொந்த வீட்டுக்காரர்களுக்கு அந்தச் சாக்கும் இல்லை. தண்ணீரை வீணாக்கவும் நமக்கு வழியில்லை: 1991இல் டுரியான் துங்கால் அணை வற்றி, மலாக்கா மாநிலமே வாளியோடு வரிசையில் நின்றது. இன்றைக்கும் ஜொகூர்ப் பக்கத்து மூவார் ஆற்றுத் தண்ணீரை நம்பியிருக்கிறோம். இரு வீட்டுக்கும் பொதுவான குழாய் கசிந்தால், "அவர் பார்த்துக்கொள்வார்" என்று இருவருமே விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் மண்ணுக்குள் போகிறது. மீட்டர் தனித்தனியானால், அவரவர் கசிவு அவரவர் பில்லில் தெரியும், அடுத்த நாளே பிளம்பரைத் தேடுவார்கள்.

வீடு வாங்கப் போகிறவர்களே, சாமி அறை எந்தத் திசையில் என்று பார்ப்பதற்கு முன் மீட்டர் எத்தனை என்று எண்ணுங்கள். கிராண்டில், அதாவது நில உரிமைப் பத்திரத்தில், குழாய் உரிமை பதிவாகியிருக்கிறதா என்று வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் முடிந்த பிறகு முன்பணம் கொடுங்கள்.