காகிதத்தில் ஓடும் சரக்கு

கூலி வேலை செய்பவர் பெயரில் பல கோடி ரூபாய்க்கு வணிகம் நடந்ததாக வரித் துறை நோட்டீஸ் அனுப்பியது என்ற செய்தியை நாளிதழ்களில் அவ்வப்போது படிக்கிறோம். அவருடைய பான், ஆதார் நகல்கள் எவர் கைக்கோ போய், அவர் பெயரில் லெட்டர்பேடு கம்பெனி பதிவாகியிருக்கும். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்து, வீட்டு வாடகைக்கும் கேஸ் இணைப்புக்கும் நகல் கொடுத்துப் பழகிய நமக்கு இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம். நான் வரி வல்லுநன் அல்லன். ரயில்வேயில் சரக்குப் பெட்டிகளோடு காலம் கழித்த டிப்ளமா பொறியாளன். ஓடும் சரக்கைப் பின்தொடர்வது எப்படி என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

மோசடியின் அடிப்படை

1.7.2017 முதல் நடப்பிலுள்ள ஜி.எஸ்.டி.யில், வியாபாரி தாம் வாங்கிய சரக்குக்குக் கொடுத்த வரியை, விற்பனை வரியிலிருந்து கழித்துக்கொள்ளலாம். 10 லட்ச ரூபாய்க்கு விற்றால் 18 சதவீத வரி 1,80,000 ரூபாய். 9 லட்சத்திற்குச் சரக்கு வாங்கியதாக பில் இருந்தால் 1,62,000 ரூபாய் கழியும். கட்ட வேண்டியது 18,000 மட்டுமே. அந்த பில் போலியாக இருந்தால்? சரக்கே வரவில்லை; பில் கொடுத்தவர் வரியும் கட்டவில்லை; சில மாதங்களில் கடையையும் காணோம். நஷ்டம் அரசுக்கு, அதாவது நமக்கு.

இதை மறைக்க, ‘அ’ ‘ஆ’வுக்கும், ‘ஆ’ ‘இ’க்கும், ‘இ’ மறுபடி ‘அ’வுக்கும் விற்றதாக பில் எழுதுவார்கள். இதற்குச் சுழல் வணிகம் என்று பெயர். ஒவ்வொருவர் கணக்கும் தனித்தனியே பார்த்தால் சுத்தமாக இருக்கும்.

புள்ளியும் கோடும்

ஆகவே கணினி தனி ஆளைப் பார்ப்பதில்லை, வலைப்பின்னலைப் பார்க்கிறது. ஒவ்வொரு வியாபாரியும் ஒரு புள்ளி. ஒவ்வொரு பில்லும் ஒரு கோடு. ஒரே தொலைபேசி எண், ஒரே முகவரி, ஒரே வங்கிக் கணக்கு என்பவையும் கோடுகளே. கோடுகள் வட்டமாகத் திரும்பி வந்தால் சந்தேகம். நேற்றுப் பதிவான பத்து நிறுவனங்களுக்கு ஒரே முகவரி என்றால் சந்தேகம். சிமெண்ட் வாங்கியவர் பழைய இரும்பு விற்றால் சந்தேகம்.

சரக்கு உண்மையில் நகர்ந்ததா என்பதற்கும் சாட்சி உண்டு. 2018 ஏப்ரல் முதல், மாநிலம் விட்டு மாநிலம் போகும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு, பொதுவாக, வண்டி எண்ணுடன் இ-வே பில் வேண்டும். 2021-இல் இது பாஸ்டாக்குடன் இணைக்கப்பட்டது. வழியிலுள்ள ஒரு சுங்கச்சாவடியையும் தாண்டாத லாரி காகிதத்தில் மட்டுமே ஓடியிருக்கக்கூடும். 1996-இல் அம்பலமான பீகார் மாட்டுத் தீவன ஊழலில், லாரி எண்கள் என்று எழுதியிருந்தவற்றில் சில ஸ்கூட்டர் எண்களாக இருந்தன. அன்று ஆட்கள் தேடிக் கண்டதை இன்று கணினி நொடியில் ஒப்பிடுகிறது.

மத்திய மறைமுக வரி வாரியம் 2021-இல் ‘அத்வைத்’ என்ற பகுப்பாய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. ஐதராபாத் ஐ.ஐ.டி. ஆய்வாளர்களும் தெலங்கானா வணிகவரித் தரவுகளைக் கொண்டு சுழல் வணிகத்தைக் கண்டறியும் முறைகளை ஆராய்ந்துள்ளனர்.

இயந்திரம் கற்பது

முன்பு பிடிபட்ட மோசடிகளையும் நேர்மையான கணக்குகளையும் கணினிக்குக் கொடுத்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அது தானே கற்றுக்கொள்கிறது. பிறகு புதிய கணக்கு ஒவ்வொன்றுக்கும் ‘ஆபத்து மதிப்பெண்’ போடுகிறது. சக்கரத்தைத் தட்டி ஓசையிலேயே விரிசலை அறியும் அனுபவசாலியைப் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் மதிப்பெண் தீர்ப்பாகாது. 10,000 வியாபாரிகளில் 100 பேர் ஏமாற்றுபவர்கள் என்று வைத்துக்கொள்வோம். கணினி அவர்களில் 90 பேரைப் பிடிக்கிறது. நேர்மையான 9,900 பேரில் 2 சதவீதத்தினரை, அதாவது 198 பேரைத் தவறாகச் சுட்டுகிறது. பட்டியலில் மொத்தம் 288 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரபராதிகள்! ஆகவே அதிகாரி நேரில் விசாரிப்பதும், வியாபாரியின் விளக்கத்தைக் கேட்பதும் அவசியம். தட்டிய ஓசை சந்தேகமாக இருந்தால் சக்கரத்தைச் சோதிப்போமே தவிர, உடனே உடைத்துப்போட மாட்டோம்.

நாம் செய்ய வேண்டியவை

1. கடை வைத்திருப்பவர்கள், புதிதாக ஒருவரிடம் சரக்கு வாங்கும்முன் அவருடைய 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் சரிபாருங்கள். முதல் இரண்டு இலக்கம் மாநிலம் (தமிழ்நாட்டிற்கு 33), அடுத்த பத்து பான் எண். விற்றவர் வரி கட்டாவிட்டால், வாங்கிய உங்கள் வரவும் பறிபோகலாம்.

2. பணத்தை வங்கி வழியே கொடுங்கள். லாரி வாடகை ரசீது, எடைச் சீட்டு ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். சந்தேகம் வந்தால் இவையே உங்களைக் காப்பாற்றும்.

3. கடை இல்லாதவர்களும் அதே இணையதளத்தில் தம் பான் எண்ணைக் கொடுத்து, தம் பெயரில் ஏதேனும் பதிவு உள்ளதா என்று பார்க்கலாம். இருந்தால் தாமதிக்காமல் எழுத்து மூலம் புகார் செய்யுங்கள்.

4. நகல் கொடுக்கும்போது அதன் குறுக்கே தேதியையும் காரணத்தையும் எழுதிக் கையெழுத்திடுங்கள். வேலை, கடன் என்று சொல்லி ஓ.டி.பி. கேட்பவருக்குக் கொடுக்காதீர்கள்.

ஊரிலிருந்து புதிதாக வரும் இளைஞர்களுக்கு நான்காவதை முதலில் சொல்லிக்கொடுங்கள். அவர்கள்தாம் நகல்களை அதிகம் கொடுக்கிறார்கள்.