பனங்கட்டிப் பாணியோடு பன்னா கோட்டா

இத்தாலியின் பீட்மொன்ற் பகுதிக்குப் பேர்போன பன்னா கோட்டா என்ற கிறீம் இனிப்புக்கு முட்டையும் வேண்டாம், போறணையும் வேண்டாம். அங்கே அதை ஜெலட்டின் போட்டு உறைய வைப்பார்கள். ஜெலட்டின் பெரும்பாலும் பன்றி, மாட்டின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது, சைவக்காரருக்கு ஆகாது. யாழ்ப்பாண வெயிலில் மேசைக்கு வந்ததும் இளகியும் விடும். அகர் அகர் தூள்தான் எங்களுக்குத் தோது.

250 மி.லீ. குளிர்ந்த பாலில் முக்கால் தேக்கரண்டி தூளைக் கலக்கி, 3 மேசைக்கரண்டி சீனி போட்டு, துழாவியபடி 3 நிமிடம் கொதிக்க விடுங்கள். கொதிக்காவிட்டால் அகர் கரையாது. இறக்கி, ஆவி பறக்கச் சூடாக்கிய 250 மி.லீ. கிறீமைச் சேருங்கள். பிறிட்ஜிலிருந்து எடுத்த கிறீமை அப்படியே ஊற்றினால் பட்ட இடமெல்லாம் கட்டிகட்டியாக உறைந்துவிடும். வடித்துக் கிண்ணங்களில் ஊற்றி, ஆறியபின் 3 மணி நேரம் குளிர வையுங்கள்.

பனங்கட்டியைப் பாலோடு காய்ச்ச வேண்டாம், பால் திரைந்துவிடக்கூடும். பனங்கட்டிக் குட்டான் ஒன்றை உடைத்துக் கொஞ்சத் தண்ணீரில் கரைத்து, மண் போக வடித்து, கரண்டியில் ஒட்டும் பதத்துக்குப் பாணி காய்ச்சி, பரிமாறும்போது மேலே ஊற்றுங்கள். கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலமென்றால் பழத்துண்டு நாலைந்து போடுங்கள். அந்தப் புளிப்பு கலந்த இனிப்பு கிறீமோடு நன்றாகச் சேரும்.