விளம்பரதாரர் வாங்கிய பத்திரிகை

அன்புள்ள தம்பிக்கு,

உன் புதுப் பதிப்பகத்தின் திட்டத்தைப் படித்தேன். பெரும்பகுதி விளம்பரம்தான்: ரீல்ஸ், ஆட்டோ முதுகில் நாவலின் முதல் வரி, டீக்கடைப் பேப்பர் கப்பில் க்யூஆர் கோடு. ஆட்டோ பிரமாதம். கப் வேண்டாம், ஒரு கையில் கொதிக்கிற டீயோடு யாரும் போனை நீட்ட மாட்டார்கள். இப்படியெல்லாம் புத்தகம் விற்கலாமா என்று முறைக்கிற பெரியவர்களிடம் எஸ்.எஸ்.வாசன் பெயரைச் சொல். ஆனால் முழுக் கதையையும் தெரிந்துகொண்டு சொல்.

வாசன் விளம்பர ஏஜென்ட். தபாலில் சாமான் விற்றுக்கொண்டிருந்தவர். பூதூர் வைத்தியநாதய்யர் நடத்திய ஆனந்த விகடனில் விளம்பரம் கொடுத்துவந்தார். இதழ் நின்றுபோகவே என்ன ஏது என்று விசாரிக்கப் போனவர், 1928இல் பத்திரிகையையே வாங்கிவிட்டார். எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் எட்டெழுத்துக்கு 200 ரூபாய் என்று சொல்வார்கள். இதைவிட மலிவான பேரம் பத்திரிகைத் தொழிலில் நான் கேள்விப்பட்டதில்லை.

அவர் தொழில் பழகிய இடத்தைக் கவனி. அந்தக் காலத் தபால் வியாபாரத்துக்கு உயிர்நாடி வி.பி.பி. தபால்காரர் பார்சலோடு வாசலில் நிற்பார். பணத்தை எண்ணி வைத்தால்தான் பார்சல் கைக்கு வரும். வீட்டுக்காரர் மனசு மாறி ‘வேண்டாம்’ என்றால் சரக்கு திரும்பிவிடும், தபால் செலவு விற்றவர் தலையில். விளம்பரத்தில் அளந்துவிட்டால் கணக்குப் புத்தகத்தில் தெரிந்துவிடும். உன் ரீல்ஸுக்கு விழுகிற லைக்குகளுக்கு அந்தச் சோதனை கிடையாது. எத்தனை பேர் பணம் கட்டினார்கள், அவர்களில் எத்தனை பேர் இரண்டாவது புத்தகத்துக்கும் வந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வா.

விகடனைத் தூக்கி நிறுத்தியதில் குறுக்கெழுத்துப் போட்டிக்குப் பெரிய பங்கு உண்டு. பரிசுப் பணத்துக்காகவே இதழ் வாங்கினார்கள். சூதாட்டம் என்று திட்டியவர்களும் இருந்தார்கள். திட்டியதில் நியாயம் இருந்தது என்பதுதான் என் கட்சி. ஆனால் கட்டம் நிரப்ப வாங்கியவர் பக்கத்தைப் புரட்டினால் கல்கி எழுதியிருப்பார், மாலி படம் போட்டிருப்பார். பரிசு விழாதவரும் அடுத்த வாரம் வந்தது அதற்காகத்தான். உன் பட்ஜெட்டில் எடிட்டர், ஓவியர், மெய்ப்புத் திருத்துபவர் மூவரும் ‘இதர செலவுகள்’ என்ற ஒரே வரியில் அடைந்து கிடக்கிறார்கள்.

முன்வெளியீட்டுத் திட்டம் பற்றிக் கேட்டிருந்தாய். ஜெமினி ஸ்டூடியோ நடத்தியபோது வாசனிடம் ஒரு கதை சொன்னார்கள். கதை பிடிக்கவில்லை, நாயகியின் பெயர் மட்டும் பிடித்துப்போயிற்று. ‘சந்திரலேகா’ என்று விளம்பரமே கொடுத்துவிட்டார். கதை இலாகாவில் வேப்பத்தூர் கிட்டு முதலானவர்கள் அதற்கப்புறம்தான் கதை தேடினார்கள். சொன்ன பெயருக்குத் தக்க படம் வர 1948 ஏப்ரல் ஆயிற்று. ஏறத்தாழ ஐந்து வருஷம், கொட்டிய பணமோ லட்சக்கணக்கில். ராட்சத முரசுகள் மேல் நூற்றுக்கணக்கானவர்கள் ஆடுகிற அந்தக் காட்சியை இன்றைக்கும் பார்க்கலாம். அதே ஆண்டு இந்தியிலும் வெளியிட்டு வடக்கையும் பிடித்தார்.

இந்தக் கதையை உனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளாதே. அவர் முன்கூட்டி அறிவித்தது பெயரை. டிக்கெட் பணத்தைப் படம் காட்டித்தான் வாங்கினார். நீயோ எழுத்தாளர் நாலு அத்தியாயம் எழுதியிருக்கும்போதே முன்பதிவுப் பணம் வாங்கப் பார்க்கிறாய். கையெழுத்துப் பிரதி முழுசாக உன் மேசைக்கு வரட்டும், அச்சகத்தில் தேதி வாங்கு, பிறகு ஜீபே நம்பரைப் போடு.

பட்ஜெட்டைத் திருத்தி அனுப்பு. மெய்ப்புத் திருத்துபவருக்குத் தனி வரியும் தொகையும் இருந்தால் மேலே படிக்கிறேன்.

அன்புடன்,
அண்ணாச்சி