ஆட்டிசமும் நினைவும்: சொல்நிரலும் தொடரும்

லியோ கேனர் 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய ஆய்வுரை, அவர்தம் மனப்பாடத் திறனைச் சிறப்பாகக் குறிப்பிடுகிறது. பெயர்ப்பட்டியல்களையும் குழந்தைப்பாடல்களையும் ஒப்பித்த அவர்களுள் சிலர், அச்சொற்களைக் கொண்டு பிறரோடு உரையாடவில்லை. இதனை ‘நல்ல நினைவு’ என்று கூறி அமைதல் போதாது. (‘மதியிறுக்கம்’ என்னும் வழக்குச்சொல் குறையை மதியின்மேல் ஏற்றுவதால் இக்கட்டுரை அதனைத் தவிர்க்கிறது.)

1960களில் ஹெர்மெலினும் ஓகானரும் நிகழ்த்திய சோதனைகள் இதற்கு மொழிவழி விளக்கம் தந்தன. உறவற்ற சொல்நிரலைவிடத் தொடரை நினைவிற்கொள்வது பொதுவாக எளிது. எழுவாய் தன் பயனிலையை எதிர்நோக்கச் செய்யும். ஆட்டிசமுடைய குழந்தைகளிடமோ இவ்வேறுபாடு குறைவாகவே காணப்பட்டது. கேட்டவுடன் திருப்பிக்கூறும் குறுங்கால நினைவு அவர்களிடம் குன்றவில்லை. பொருளுறவைப் பற்றுக்கோடாகக் கொள்ளும் முறையே வேறுபட்டது.

நீள்கால நினைவிலும் ஒருசீர்மை இல்லை. செய்தியறிவு உறுதியாக நிற்க, தாம் பங்கேற்ற நிகழ்வைத் தாமே எடுத்துரைத்தல் பலர்க்கு அரிதாகிறது. எனினும் இது நினைவின் அழிவன்று. குறிப்பு தரப்படும்போது இக்குறை பெரிதும் நீங்குவதை டெர்மட் பௌலர் குழுவினரின் ஆய்வுகள் காட்டுகின்றன. ‘நேற்று என்ன நடந்தது?’ என்னும் வினாவிற்கு வாய்திறவாத மாணவர், ‘நேற்று யார் பாடினார்?’ என்றதும் விடை கூறக்கூடும். முதல் மௌனத்தை மறதியென மதிப்பீட்டேட்டில் பதிவது பிழை.