வீட்டை விட்டு வெளியேறும் பிள்ளைகள்: பெற்றோர் அறிய வேண்டியவை

நம் வீடுகளில் வாய்விட்டுப் பேசத் தயங்கும் ஒரு விஷயத்தை இம்முறை எடுத்துக்கொள்கிறோம். மதிப்பெண், நட்பு, காதல் என்று ஏதோ ஒன்றில் வாக்குவாதம் முற்றி, பிள்ளை கோபத்தில் வெளியேறிவிட்டால் நாம் என்ன செய்வோம்? "நாலு பேருக்குத் தெரிந்தால் மானம் போகும்" என்று வாய் திறக்காமல் இருந்துவிடுகிறோம். அந்த நேரத்தில்தான் ஆபத்து வளர்கிறது.

இத்தகைய பிள்ளைகளுக்கென்றே அமெரிக்காவில் 1974இல் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி மத்திய அரசு உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களுக்கு நிதி வழங்குகிறது. உதவிகள் மூன்று வகைப்படும்.

1. அவசரத் தங்குமிடம்: 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 21 நாட்கள் வரை படுக்கை, உணவு, உடை, ஆலோசனை கிடைக்கும். முடிந்தவரை பிள்ளையைக் குடும்பத்தோடு சேர்த்துவைப்பதே நோக்கம். ஆனால் வீட்டில் அடி உதை போன்ற ஆபத்து உண்டென்றால் பிள்ளையின் பாதுகாப்பே முதலில் பார்க்கப்படும்.

2. நீண்டகாலத் தங்குமிடம்: 16 முதல் 21 வயது வரை உள்ளவர்களுக்கு. சாதாரணமாக 540 நாட்கள் வரை தங்கி, படிப்பு, வேலை, வரவு செலவு ஆகியவற்றைப் பழகிக்கொள்ளலாம்.

3. தெருப்பணி: ஊழியர்கள் தெருவிலிருக்கும் இளைஞர்களைத் தேடிச் சென்று உதவுகிறார்கள்.

அருகில் எந்த இடம் உள்ளது என்று அறிய 1-800-786-2929 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்கலாம். கட்டணம் இல்லை; இரவும் பகலும் இயங்கும். பிள்ளையும் பேசலாம், பெற்றோரும் பேசலாம். நேரில் பேசத் தயங்கினால் ஒருவர் செய்தியை மற்றவரிடம் சேர்ப்பிப்பார்கள்.

காவல் துறையிடம் புகார் கொடுக்க 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது தவறான எண்ணம். 21 வயதுக்கு உட்பட்டவர் காணாமற் போனால் புகாரை உடனே பதிய வேண்டும் என்பது மத்தியச் சட்டம்.

இந்த எண்ணைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் ஓடிப்போகச் சொல்லிக்கொடுப்பது போல் ஆகாதா என்று சிலர் கேட்கலாம். தீயணைப்பு நிலையத்தின் எண் தெரிந்திருப்பதால் யாரும் வீட்டைக் கொளுத்துவதில்லை. இன்றே எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள்.

பிள்ளை திரும்பி வந்து வாசலில் நின்றால், "எங்கே போனாய்?" என்பதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். முதலில் "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள்.