கல் உருட்டுறியா கண்ணு? பொடிக்கல்லைத் தூக்கிப் போடாதே!

கல்லை உருட்டி மெருகேற்றும் மெஷின் கைக்கு வந்ததும் எல்லோரும் செய்யும் முதல் காரியம், இருப்பதிலேயே பெரிய, அழகான கற்களாகப் பொறுக்கி பேரலுக்குள் போட்டு மூடுவதுதான். ஒரு வாரம் கழித்துத் திறந்தால் மேடான இடமெல்லாம் தேய்ந்திருக்கும், குழிவான இடமெல்லாம் சொரசொரவென்று அப்படியே இருக்கும். கல்லைத் தேய்க்கப் போடும் கிரிட் பவுடர் மட்டமோ என்று உடனே சந்தேகம் வரும். பெரும்பாலும் பவுடர்மேல் தப்பிருக்காது தங்கச்சி. கூடவே போட வேண்டிய சின்னக் கற்களைப் போடாததுதான் காரணம்.

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் உனக்கே பிடிபடும். பேரல் சுற்றும்போது கற்கள் ஒரு பக்கமாக மேலேறி, பிறகு மொத்தமாகச் சரிந்து இறங்கும். அந்தச் சரிவில்தான் தேய்மானம் நடக்கிறது. இரண்டு கற்களுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும் கிரிட் மட்டும்தான் கல்லை அறுக்கும். அடியில் சும்மா கிடக்கும் கிரிட்டால் ஒரு பயனும் இல்லை. எலுமிச்சம்பழ அளவுக் கற்கள் மட்டும் இருந்தால் அவை ஒன்றையொன்று தொடுவது சில இடங்களில்தான். பட்டாணி அளவுக் கற்கள் இடையில் புகுந்துவிட்டால் உரசும் இடங்கள் பல மடங்காகும். பெரிய கல் எட்டாத குழிக்குள் சின்னதன் முனை போய்த் தேய்க்கும்.

அடி விழாமல் தாங்குவதும் இந்தப் பொடிக்கற்கள்தான். பெரியவை மட்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் ஓரங்களில் நகக்கீறல் போலப் பிறை வடிவ விரிசல்கள் விழும். ஈரத்தில் தெரியாது. துடைத்துக் காயவைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார், வெள்ளை வெள்ளையாகத் தெரியும். அது விழுந்துவிட்டால் பாலிஷில் போகாது. கரடான கிரிட் போடும் முதல் கட்டத்துக்கே திரும்பிப் போய்த் தேய்க்க வேண்டும். செவ்வந்திக்கல் சீக்கிரம் விரிசல் விடும், அதை உருட்டும்போது வழக்கத்தைவிடக் கூடுதலாகவே பொடிக்கல் சேர்த்துக்கொள்.

அளவுக்கு வருவோம். வீட்டில் வைக்கும் மூன்று பவுண்டு பேரலில் மிகப் பெரிய கல் 4 சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டாம். அப்படிப்பட்டது நாலைந்து போதும். அடுத்து கொண்டைக்கடலையைவிடக் கொஞ்சம் பெரியதாகச் சில கற்கள், மீதி இடத்துக்குப் பட்டாணி அளவு. என்னைக் கேட்டால் பாதிக்குக் குறையாமல் சின்னதாகவே இருக்கட்டும். பேரலில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமலும், முக்காலைத் தாண்டாமலும் கல் நிறைய வேண்டும். மேல்வரிசைக் கல் தலைகாட்டுகிற அளவுக்குத் தண்ணீர் விட்டால் போதும். முதல் கட்டத்துக்கு 60/90 நம்பர் சிலிக்கான் கார்பைடு கிரிட் நாலு மேசைக்கரண்டி.

மூடி ஓடவிட்டுக் காதைக் கொடு. சளசளவென்று ஒரே சீராகக் கேட்டால் சரியாக இருக்கிறது. டொம், டொம் என்று விழுந்தால் கல் பற்றவில்லை. சத்தமே இல்லாமல் சுற்றினால் திணித்துவிட்டாய் என்று அர்த்தம்.

எந்தக் கல்லைச் சின்னக்கல்லாகப் போடுவது என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். கடினம் ஒத்துப்போக வேண்டும். குவார்ட்ஸ், அகேட், ஜாஸ்பர் எல்லாம் மோஸ் அளவுகோலில் 7ஐ ஒட்டி வரும், ஒன்றாக உருட்டலாம். மார்பிளில் இருக்கும் கால்சைட்டுக்கு 3தான். தோட்டத்துக்கு விற்கும் வெள்ளைக் கற்களில் பல மார்பிள்தான். அதைக் குவார்ட்ஸோடு போட்டால் ஒரு வாரத்தில் சேறாகிவிடும், உன் கிரிட்டும் அந்தச் சேற்றில் வீண். சந்தேகம் இருந்தால் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பார். நுரைத்தால் மார்பிள், எடுத்து வை. பழைய கண்ணாடி பாட்டிலில் கீறினால் கோடு விழ வேண்டும், அதுவும் நல்ல சோதனை.

வீடு கட்டுகிற இடத்தில் கிடக்கும் கால் இஞ்ச் சிப்ஸ் ஜல்லி பார்க்க ஆசையாக இருக்கும். வேண்டாம். அது பல தாதுக்கள் கலந்த கல். மென்மையானது முதலில் தேய, கெட்டியான மணிகள் உதிர்ந்து விழும். கடைசிக் கட்டத்தில் அப்படி ஒரு மணி உதிர்ந்தால் போதும், மொத்தப் பேரலிலும் கீறல். மீன்தொட்டிக்கு விற்கும் கலர் கல்லும் வேண்டாம், சாயம் உரிந்து பாலிஷைக் கலங்கடிக்கும்.

நல்ல பொடிக்கல் வேண்டுமென்றால் குஜராத்தின் கம்பாத்திலிருந்து வரும் அகேட் சிப்ஸ் வாங்கு. அங்கே அகேட் மணி செய்வது பரம்பரைத் தொழில். மெஷின் வருவதற்கு முன்பு தோல் பைக்குள் மணிகளையும் எமரிப் பொடியையும் தண்ணீரையும் போட்டுக் கட்டி, ஆள் மாற்றி ஆள் நாள்கணக்கில் உருட்டுவார்களாம். இப்போது நீ வீட்டில் செய்வதும் அதே வேலைதான். நம் பக்கத்திலும் இதற்கு வேர் உண்டு. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலைத் தோண்டியபோது குவார்ட்ஸ், கார்னீலியன் மணிகள் செய்து முடித்தும் முடிக்காமலும், கூடவே செதுக்கிய சில்லுகளுமாகக் கிடைத்தன. காங்கேயம் பக்கம் வெள்ளைக் குவார்ட்ஸ் தாராளமாகக் கிடக்கும். நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பொறுக்கலாம். திருவக்கரை கல்மரத்தின்மேல் மட்டும் கை வைத்துவிடாதே. அது பாதுகாக்கப்பட்ட இடம், சிறு துண்டுகூட எடுக்கக் கூடாது.

நீயே உடைப்பதானால் கல்லைக் கெட்டித் துணியில் சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு சுத்தியலால் தட்டு. மூக்கையும் மூடிக்கொள், குவார்ட்ஸ் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேள், மெருகு நிற்பதும் கெடுவதும் இங்கேதான். உடைத்த சில்லுகளை முதல் கட்டத்தில் மட்டுமே புதிதாகச் சேர்க்கலாம். அவற்றின் கூர் அங்கே மழுங்கிவிடும். 120/220, 500 நம்பர் கிரிட், கடைசியில் அலுமினியம் ஆக்சைடு பாலிஷ் என்று அடுத்தடுத்த கட்டங்களுக்குப் போகும் சின்னக் கற்களும் பெரியவற்றைப் போலவே முந்தைய கட்டங்களைத் தாண்டியிருக்க வேண்டும். பாலிஷ் கட்டத்தில் இடம் காலியாக இருக்கிறதே என்று ஒரு கைப்பிடி புதுச் சில்லை அள்ளிப் போட்டால், அதுவரை ஒரு மாதம் ஓட்டியது பாழ். ஆகவே முதல் கட்டத்திலேயே தேவைக்கு மேல் பொடிக்கல் உருட்டி வைத்துக்கொள். அங்கேதான் கல் அதிகமாகத் தேயும், பட்டாணியாகப் போட்டது துவரம்பருப்பாக வரும்.

அவ்வளவு சிறுத்ததைச் சல்லடையில் சலித்து நீக்கிவிடு. பெரிய கல்லின் விரிசலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் ஊசி வைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஓட்டை, வெடிப்பு இருக்கிற சின்னக் கல்லையும் ஒதுக்கு. அந்த ஓட்டையில்தான் பழைய கிரிட் ஒளிந்திருந்து அடுத்த கட்டத்துக்குப் போகும். ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் பெரிய கற்களை டூத் பிரஷ் வைத்துத் தேய். பொடிக்கற்களைச் சல்லடையில் போட்டு, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசு. பேரலையும் மூடியின் விளிம்பையும் மறக்காதே.

அலசிய சேற்றுத் தண்ணீரைச் சிங்க்கில் ஊற்றவே கூடாது. குழாய்க்குள் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். வாளியில் தெளியவிட்டு, வண்டலைத் தோட்டத்து மூலையில் குழி வெட்டிப் புதைத்துவிடு, காய்ந்து தூசியாகப் பறக்க விடாதே.

பொடிக்கல் கிடைக்காத ஊரில் இருந்தால் செராமிக் மணிகள் வாங்கலாம். விலை கூடுதல், ஆனால் தேய்மானம் மிகக் குறைவு. பிளாஸ்டிக் மணிகள் அடி தாங்கும், அவ்வளவுதான். அவற்றில் கிரிட் பதிந்துகொள்ளும் என்பதால் ஒரு கட்டத்துக்குப் போட்டதை இன்னொன்றுக்கு எடுக்காதே.

வேலை முடிந்ததும் பொடிக்கற்களைக் கட்டவாரியாகத் தனித்தனி டப்பாவில் போட்டு, மேலே நம்பர் எழுதி வை. பாலிஷ் வரை போய் வந்தவற்றைப் பாலிஷுக்கே திரும்பத் திரும்ப எடுக்கலாம்.